கல்லும் ஒளியும்

(ஆண்டு விழாவையொட்டி நமது சங்க மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

ஆண்டு விழாச் சொற்பொழிவு சமயச் சொற்பொழிவாகவே இருக்கும் என்று எதிர்பார்த்து வந்த பெரியோர்கள் என்னை மன்னித்தருள வேண்டும். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பௌதிகச் சமன்பாடு. இதை நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலிலே பூசை முடிந்து வெளியே வந்தபோது, உயர்தர வகுப்பிலே கற்கும் நம் சங்கத்துத் தம்பி ஒருவர் என்னை மறித்து, "ஐயா, ஒரு சந்தேகம்" என்றார். "திணிவை ஒளியின் வேகத்தின் வர்க்கத்தாற் பெருக்கினால் சத்தி வரும் என்று படிக்கிறோம். அதோ அந்தக் கருங்கல் சும்மா கிடக்கிறது. அது ஒளி விடவுமில்லை, ஓடவுமில்லை. அந்தக் கல்லின் கணக்கிலே ஒளியின் வேகம் எப்படி வந்து புகுந்தது? அதுவும் ஒரு முறை போதாதென்று இரண்டு முறை?" என்று கேட்டார்.

நான் படிப்பித்த காலத்திலே இச்சமன்பாட்டை மனனஞ் செய்து எழுதிப் புள்ளி வாங்கிய மாணவர் பலரைக் கண்டிருக்கிறேன். இக்கேள்வியைக் கேட்டவர் மிகச் சிலரே. ஆதலின் அன்று வீதியில் நின்று சொல்ல முடியாத விடையை இன்று சபையிலே சொல்ல முற்படுகிறேன். கணிதம் அறியாத தாய்மார்களும் விளங்கிக்கொள்ளத் தக்கதாகவே சொல்ல முயல்வேன். விளங்காவிட்டால் குற்றம் என்னுடையது, பொருளுடையதன்று.

முதலிலே இரு சொற்களை விளக்கிவிடுகிறேன். ஒரு பொருளை அசைக்கப் போனால் அது அசைய மறுக்கிறதல்லவா? வெறும் கைவண்டியைத் தள்ளுவது எளிது. மூட்டை ஏற்றிய வண்டியைத் தள்ளுவது கடினம். இந்த மறுப்பின் அளவே திணிவு. சத்தி என்பது வேலை செய்யும் ஆற்றல். நெருப்பின் வெப்பம், ஓடும் ஆற்றின் வேகம், மின்சாரம் யாவும் சத்தியின் வடிவங்களே. திணிவு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்று பதினெட்டாம் நூற்றாண்டிலே இரசாயன விஞ்ஞானிகள் கண்டார்கள். சத்தியும் அவ்வாறே, உருமாறுமேயன்றி அழியாது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கண்டார்கள். இயற்கை இரண்டு கணக்குப் புத்தகங்கள் வைத்திருப்பதாகவும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கணக்கு மாறுவதில்லை என்றும் எல்லோரும் நம்பியிருந்தனர்.

1905ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே, சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரிலே, காப்புரிமைக் காரியாலயத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த 26 வயது இளைஞர் ஒருவர் மூன்றே பக்கங் கொண்ட ஒரு கட்டுரையை எழுதி அனுப்பினார். அல்பேட் ஐன்ஸ்டைன் என்பது அவர் பெயர். நாம் இன்று எழுதும் வடிவத்திலே இச்சமன்பாடு அக்கட்டுரையில் இல்லை. ஒரு பொருள் சத்தியை வெளிவிடுமானால் அதன் திணிவு குறையும். எவ்வளவு குறையும் என்றால், வெளிவிட்ட சத்தியை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் அளவு குறையும் என்பதே அவர் சொன்னது. இரண்டு கணக்குப் புத்தகங்களல்ல, ஒரே புத்தகம்தான்; இரண்டு நாணயங்களிலே எழுதப்பட்டிருக்கிறது என்பதே இதன் பொருள். இரண்டு நாணயம் என்றால் மாற்று வீதம் ஒன்று வேண்டுமல்லவா? அந்த மாற்று வீதமே ஒளிவேகத்தின் வர்க்கம்.

ஒரு வேகம் எப்படி மாற்று வீதமாகும் என்று கேட்பீர்கள். கண்டியிலிருந்து கொழும்பு எவ்வளவு தூரம் என்று ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். "மூன்று மணித்தியாலம்" என்பார். தூரத்தைக் கேட்டால் நேரத்தைச் சொல்கிறார், நாமும் விளங்கிக்கொள்கிறோம். நம் முன்னோரும் "நாழிகை வழி" என்றே தூரத்தைச் சொன்னார்கள். 24 நிமிடங்கொண்ட ஒரு நாழிகையிலே ஒருவன் நடக்கும் தூரம் ஒரு நாழிகை வழி. நேரத்தைத் தூரமாக மாற்ற வேண்டுமானால் இடையிலே ஒரு வேகம் வேண்டும். ஆனால் நடப்பவனின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். பஸ்ஸின் வேகம் சாரதிக்குச் சாரதி மாறும். எவர் அளந்தாலும், எங்கே அளந்தாலும், அளப்பவர் ஓடிக்கொண்டு அளந்தாலும் நின்றுகொண்டு அளந்தாலும் மாறாத வேகம் ஒன்று இருந்தால், அதுவே இயற்கையின் நாழிகை வழியாகும்.

அத்தகைய வேகம் ஒன்று உண்டு. 1887ஆம் ஆண்டு மைக்கல்சன், மோளி என்னும் இருவர் அமெரிக்காவிலே நுட்பமான ஒரு பரிசோதனை செய்தனர். பூமி ஓடும் திசையிலே ஒளியின் வேகம் ஒரு விதமாகவும், அதற்குக் குறுக்கான திசையிலே வேறு விதமாகவும் இருக்கும் என்று எதிர்பார்த்தனர். வேற்றுமை எதுவும் காணவில்லை. ஓடும் புகையிரதத்தோடு நாமும் ஓடினால் அது மெதுவாகப் போவது போலத் தோன்றும். ஒளியோடு எவ்வளவு விரைந்து ஓடினாலும் அது அதே வேகத்திலேயே நம்மை விட்டு ஓடுகிறது. இதை உண்மையென்று ஒப்புக்கொண்டு, காலமும் தூரமும் அளப்பவருக்கேற்ப மாறும் என்று துணிந்து சொன்னவரே ஐன்ஸ்டைன்.

இவ்வேகம் செக்கனுக்கு 299,792 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். கண்டியிலிருந்து கொழும்புக்கு நாம் போகும் மூன்று மணித்தியாலப் பயணத்தை ஒளி ஒரு செக்கனின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் முடித்துவிடும். 1983ஆம் ஆண்டு முதல் மீற்றர் என்னும் அளவே ஒளியைக் கொண்டு வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஒரு செக்கனின் 299,792,458இல் ஒரு பங்கு நேரத்திலே ஒளி செல்லும் தூரமே ஒரு மீற்றர். நம் முன்னோரின் நாழிகை வழிக் கணக்குக்கு உலகமே திரும்பி வந்திருக்கிறது எனலாம்; நடப்பவன் மாத்திரம் மாறிவிட்டான்.

இனித் தம்பியின் இரண்டாம் கேள்விக்கு வருவோம். ஏன் இரண்டு முறை? வேகத்தின் வர்க்கம் சத்திக் கணக்கிலே வருவது புதிதன்று. கடுகண்ணாவை இறக்கத்திலே பஸ் ஓட்டுபவருக்கு இது நன்றாகத் தெரியும். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டியைப் பிறேக் போட்டு நிறுத்தத் தேவையான தூரத்தைப்போல, 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டியை நிறுத்த நான்கு மடங்கு தூரம் வேண்டும். வேகம் இரட்டித்தால் சத்தி நான்மடங்காகிறது. ஆகவே திணிவைச் சத்தியாக மாற்றும் எந்த வீதமும் ஒரு வேகத்தின் வர்க்கமாகவே இருந்தாக வேண்டும். எந்த வேகத்தினுடைய வர்க்கம் என்பதுதான் கேள்வி.

அதற்கு ஐன்ஸ்டைன் 1906ஆம் ஆண்டிலே சொன்ன ஒரு விளக்கத்தை நமது வாவிக் கரைக்குக் கொண்டுவந்து சொல்கிறேன். கண்டி வாவியிலே ஒரு படகு அசையாமல் நிற்கிறது. அதன் பின்முனையிலே நிற்கும் ஒருவர் முன்முனைக்கு நடந்து போகிறார். படகு என்ன செய்யும்? பின்னோக்கி நகரும். ஆளையும் படகையும் சேர்த்துப் பார்த்தால் அவற்றின் திணிவு மையம் முன்பிருந்த இடத்திலேயே இருக்கிறது. வெளியிலிருந்து எவரும் தள்ளாதவரை அந்த மையம் தானாக இடம் மாறாது. இது நியூற்றன் காலம் முதல் அறிந்த விதி.

இப்போது படகுக்குப் பதிலாக மூடிய நீண்ட பெட்டியொன்றை எண்ணிக்கொள்ளுங்கள். ஆளுக்குப் பதிலாக ஒளி. இடப்பக்கச் சுவரிலிருந்து சிறிது ஒளி புறப்பட்டு வலப்பக்கச் சுவரிலே பட்டு அடங்குகிறது. ஒளி தான் படும் பொருளைத் தள்ளும். மக்ஸ்வெல் என்பார் இதைக் கணித்துச் சொன்னார். உருசிய விஞ்ஞானி லெபெடெவ் பரிசோதனை செய்து அளந்தார். அந்த உந்தம் எவ்வளவு? ஒளியின் சத்தியை ஒளியின் வேகத்தால் வகுத்தால் வருவது. இதோ, ஒளியின் வேகம் முதல் முறை வந்துவிட்டது. துப்பாக்கி சுடுபவரின் தோளை உதைப்பதுபோல், புறப்படும் ஒளி பெட்டியைப் பின்னே உதைக்கிறது. பெட்டி மெல்லப் பின்னே நகர்கிறது. எவ்வளவு நேரம்? ஒளி மறு சுவரைச் சேரும் வரை. அந்த நேரம் பெட்டியின் நீளத்தை ஒளியின் வேகத்தால் வகுத்தால் வருவது. இதோ, இரண்டாம் முறையும் வந்துவிட்டது.

ஒளி மறு சுவரிலே பட்டதும் பெட்டி நின்றுவிடுகிறது. ஆனால் முன்பிருந்த இடத்திலே அது இல்லை. மயிரிழையிலும் மிகச் சிறிய அளவு பின்னே வந்திருக்கிறது. திணிவு மையமோ நகரக் கூடாது. ஆகவே ஏதோ ஒரு திணிவு இடமிருந்து வலம் போயிருக்க வேண்டும். போனது எது? ஒளி மாத்திரந்தான். எனவே ஒளி கொண்டுசென்ற சத்திக்கே திணிவு உண்டு. கணக்கைப் போட்டுப் பார்த்தால், அத்திணிவு அந்தச் சத்தியை ஒளிவேகத்தால் ஒரு முறை வகுத்து, மறுபடியும் ஒரு முறை வகுத்ததாகவே வருகிறது. ஒன்று ஒளியின் உதைக்காக. மற்றொன்று ஒளியின் பயணத்துக்காக. இதிலே நுட்பமான திருத்தங்கள் உண்டு. அவற்றால் முடிவு மாறாது.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. மறு சுவரிலே அடங்கிய ஒளி அச்சுவரைச் சூடாக்குகிறது. இப்போது பெட்டிக்குள் ஒளி இல்லை, வெப்பமே இருக்கிறது. ஆனாலும் திணிவு வலப்பக்கத்திலேதான் இருக்கிறது. ஆகவே வெப்பத்துக்கும் அதே வீதத்தில் திணிவு உண்டு. வெப்பமாக மாறக்கூடிய சத்தி எதற்கும் உண்டு. ஒளி இங்கே சாட்சி சொல்ல வந்ததேயன்றி வழக்கின் கட்சிக்காரன் அன்று. சாட்சி போன பின்னும் தீர்ப்பு நிற்கிறது.

அப்படியானால் இதை ஒளியின் வேகம் என்று அழைப்பது ஏன்? பேராதனைப் பாலத்திலிருந்து முதன்முதலாக மகாவலியைக் கண்ட ஒருவன் அதைப் "பேராதனை ஆறு" என்று அழைக்கலாம். ஆனால் அந்த ஆறு மலையிலே பிறந்து கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலப்பது. பேராதனை அவன் அதைக் கண்ட இடம் மாத்திரமே. இந்த வேகத்தையும் நாம் முதலிலே கண்ட இடம் ஒளி. உண்மையிலே இது காலத்தையும் இடத்தையும் இணைக்கும் வேகம். எந்தச் செய்தியும் எந்தப் பொருளும் மீற முடியாத எல்லை வேகம். ஓய்வுத் திணிவு அற்றவை யாவும் இந்த வேகத்திலேயே செல்லும். ஒளி அவற்றுள் ஒன்று. 2017ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17ஆம் நாள், இரண்டு நியூத்திரன் விண்மீன்கள் மோதியதால் எழுந்த ஈர்ப்பு அலை பூமியை அடைந்தது. அடுத்த இரண்டு செக்கனுக்குள் அதே இடத்திலிருந்து காமாக் கதிர்களும் வந்தன. சுமார் 13 கோடி ஆண்டுகள் வழி நடந்த இருவர் இரண்டு செக்கன் வித்தியாசத்திலே வாசலுக்கு வந்தால், அவர்கள் ஒரே வேகத்தில் வந்தார்கள் என்றுதானே கொள்வோம்?

எல்லை வேகம் என்பதன் பொருளைச் சுவிற்சர்லாந்தின் சேர்ண் ஆய்வுகூடத்திலே கண்ணாரக் காணலாம். அங்கே புரோத்தன்களை மேலும் மேலும் தள்ளுகிறார்கள். அவற்றின் வேகம் ஒளிவேகத்தைத் தொடுவதற்கு மயிரிழை குறைவாகவே நின்றுவிடுகிறது. ஆனால் அவற்றின் சத்தி, ஓய்விலிருக்கும் புரோத்தனின் சத்தியைப்போல் ஏறத்தாழ 7,000 மடங்காகிறது. கொடுத்த சத்தி வேகமாக மாற வழியில்லை. ஆகவே அசைய மறுக்கும் குணமாக மாறுகிறது. சத்தியும் திணிவும் ஒன்றே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இந்த எல்லை விண்மீன்களின் தலைவிதியையும் எழுதுகிறது. 1930ஆம் ஆண்டிலே பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயதுத் தமிழ் இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர், வழியிலே ஒரு கணக்குப் போட்டார். முதுமையடைந்து ஒடுங்கிய விண்மீனைத் தாங்கி நிற்பவை அதனுள்ளே விரைந்தோடும் இலத்திரன்கள். இலத்திரன்களும் எல்லை வேகத்தை மீற முடியாதாகையால், சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட திணிவுள்ள விண்மீன் அவ்வாறு அமைதியடைய இயலாது என்று கண்டார். 1935ஆம் ஆண்டிலே எடிங்டன் என்னும் பேரறிஞர் இதைச் சபையிலே மறுத்தார். இளைஞர் வாதாடிக் கசப்படையவில்லை. வேறு துறையிலே உழைத்தார். 1983ஆம் ஆண்டு நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது.

நம் வீட்டு அளவுகளுக்கு வருவோம். மேசையிலே ஒரு கோப்பை சூடான தேநீர் இருக்கிறது. ஆறிய தேநீரைவிடச் சூடான தேநீர் பாரமானது. எவ்வளவு? ஒரு கிராமின் ஏறத்தாழ 180 கோடியில் ஒரு பங்கு. எந்தத் தராசும் காட்டாது, ஆனாலும் உண்மை. கோயிலிலே கற்பூரம் எரிகிறது. எரிந்து பிறந்த புகையையும் வாயுக்களையும் ஒன்றும் விடாமற் பிடித்து நிறுத்துப் பார்த்தால், எரியுமுன் இருந்த கற்பூரமும் அதனோடு சேர்ந்தெரிந்த ஒட்சிசனும் கொண்ட நிறையைவிட அணுவளவு குறைந்திருக்கும். அந்தக் குறைவே நம் கண்ணிலே ஒற்றிக்கொண்ட ஒளியும் வெப்பமும். இவ்வாறு ஒரே ஒரு கிராம் குறைய வேண்டுமானால் சுமார் 2,300 தொன் கற்பூரம் எரிக்க வேண்டும். மாற்று வீதம் அவ்வளவு பெரிது. ஆகவேதான் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக நெருப்பை வளர்த்த மனிதன் இந்த இழப்பை ஒருபோதும் கவனிக்கவில்லை.

மறுபக்கம் பாருங்கள். ஒரு கிராம் திணிவுக்கு ஈடான சத்தி 90 இலட்சம் கோடி யூல். மின்சாரப் பட்டியலின் கணக்கிலே 2.5 கோடி அலகு. மாதம் 100 அலகு பாவிக்கும் வீடுகள் இரண்டரை இலட்சத்துக்கு ஒரு மாதம் போதும். தெல்தெனியாவுக்கு அருகே 1985ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட விக்ரோறியா அணையின் மின்நிலையம் 210 மெகாவாற்று வலுவுடையது. பழைய தெல்தெனிய நகரையே நீரிலே அமிழ்த்தி எழுந்த அந்த அணை, முழு வலுவோடு இரவு பகலாக ஐந்து நாள் உழைத்தால், கோடிக்கணக்கான தொன் மகாவலி நீரைச் சுழலிகளினூடே செலுத்தி, ஒரு கிராமுக்கு ஈடான சத்தியைத் தரும். ஐந்து நாள் மகாவலி, ஒரு சிட்டிகை உப்புக்குச் சமம்.

இனி, இந்தச் சமன்பாட்டோடு நம் நாட்டுக் கல்லொன்றுக்கு உள்ள உறவைச் சொல்லப் போகிறேன். இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

சேர் முத்துக் குமாரசுவாமியின் புதல்வர் ஆனந்த குமாரசுவாமியை நாம் கலைஞானி என்றே அறிவோம். நடராச வடிவத்தின் உட்பொருளை மேல்நாட்டாருக்கு விளக்கியவர் அவர். கண்டிய நாட்டுக் கைவினைஞரின் சித்திரத்தையும் செதுக்கு வேலையையும் ஆராய்ந்து 1908ஆம் ஆண்டிலே பெருநூல் வெளியிட்டவரும் அவரே. ஆனால் அவர் படித்த கல்வி புவிச்சரிதவியல். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே பயின்று, இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்கு முதற் பணிப்பாளராக வந்தார். 1904ஆம் ஆண்டிலே சப்பிரகமுவ மாகாணத்து இரத்தினக் கல் மணலிலே கிடைத்த, கறுத்த, மிகப் பாரமான சிறு கனசதுரக் கற்களை அவர் கண்டறிந்தார். இலண்டனிலே பகுத்துப் பார்த்தபோது அது உலகம் அதுவரை அறியாத புதுக் கனிப்பொருள் என்று தெரிந்தது. நூற்றுக்கு எழுபதுக்கு மேல் தோரியம் ஒட்சைட்டு. அதனோடு யூரேனியமும் இருந்தது. தோரியனைற்று என்று பெயரிட்டார்கள்.

அந்தக் காலத்திலே இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இராம்சே என்னும் பேராசிரியரிடம் வேலை பழக வந்திருந்தார் ஒட்டோ ஹான் என்னும் ஜேர்மன் இளைஞர். இலங்கைத் தோரியனைற்றிலிருந்து எடுத்த உப்பைக் கொடுத்து, அதிலிருந்து இரேடியத்தைப் பிரித்தெடு என்றார் பேராசிரியர். இளைஞர் அதனுள்ளே எவரும் அறியாத வேறொரு கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைக் கண்டார். இரேடியோதோரியம் என்று பெயரிட்டார். இது 1905ஆம் ஆண்டு. இரசாயனத் தொழிற்சாலையிலே வேலைக்குச் சேர எண்ணியிருந்தவரை வாழ்நாள் முழுதும் அணுவாராய்ச்சியிலே நிறுத்தியது நம் நாட்டுக் கல். அதே ஆண்டிலேதான் பேர்ண் நகரத்து இளைஞர் தம் மூன்று பக்கக் கட்டுரையை எழுதினார். இரேடியம் போன்ற பொருள்களைக் கொண்டு என் கூற்றைச் சோதிக்க முடியலாம் என்று அதிலே குறிப்பிட்டார். இருவரும் அன்று ஒருவரையொருவர் அறியார்.

முப்பத்து மூன்று ஆண்டு கழிந்தது. 1938ஆம் ஆண்டு திசெம்பரிலே, பேர்லின் நகரில், அதே ஒட்டோ ஹானும் ஸ்திராஸ்மான் என்பவரும் யூரேனியத்தை நியூத்திரனால் அடித்தபோது பேரியம் தோன்றக் கண்டனர். ஏனென்று விளங்கவில்லை. முப்பதாண்டு காலம் அவருடன் சேர்ந்துழைத்த லீசே மைட்னர் அம்மையாருக்கு எழுதினார். அம்மையார் யூதர் குலத்தில் பிறந்தவராகையால், அவ்வாண்டு ஜூலையிலே நாற்சிக் கொடுமைக்குத் தப்பி ஜேர்மனியை விட்டு வெளியேறி, சுவீடன் நாட்டிலே இருந்தார். நத்தார் விடுமுறையிலே தம் சகோதரியின் மகன் ஃபிரிஷுடன் பனியிலே உலாவியபடி, மரத்துண்டொன்றில் அமர்ந்து கணக்குப் போட்டார். யூரேனியக் கரு இரண்டாகப் பிளந்திருக்கிறது. பிளந்த துண்டுகளின் திணிவைக் கூட்டினால் ஒரு புரோத்தனில் ஐந்திலொரு பங்கு குறைகிறது. அக்குறைவை ஒளிவேகத்தின் வர்க்கத்தாற் பெருக்கினார். துண்டுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பறக்கும் சத்தியோடு அது அச்சொட்டாகப் பொருந்தியது. 1944ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபெல் பரிசு ஹானுக்கு மாத்திரம் கிடைத்தது, அம்மையாருக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து நிகழ்ந்ததைச் சொல்ல நாக்கூசுகிறது. 1945ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமா நகரத்தின் மேல் வெடித்த குண்டிலே சத்தியாக வெளிப்பட்ட திணிவு ஒரு கிராமுக்கும் குறைவு. அவ்வாண்டு முடிவதற்குள் இறந்தவர் சுமார் 1,40,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. விக்ரோறியா அணை சில நாள் உழைத்துத் தரும் சத்தி ஒரு கணத்திலே, ஒரு நகரத்தின் மேல் இறங்கியது.

ஆனால் பழியைச் சமன்பாட்டின் மேல் போடுவது நியாயமன்று. கற்பூரச் சுடருக்கும், யூரேனியக் குண்டுக்கும், சூரியனுக்கும் ஒரே மாற்று வீதந்தான். கற்பூரம் எரியும்போது திணிவிலே 230 கோடியில் ஒரு பங்கு குறைகிறது. யூரேனியம் பிளக்கும்போது ஆயிரத்தில் ஒரு பங்கு. சூரியனிலே ஐதரசன் ஈலியமாகும்போது ஆயிரத்தில் ஏழு பங்கு. வேற்றுமை அணுவையும் கருவையும் பிணைக்கும் விசைகளால் வருவது. தராசு களவு செய்வதில்லை. தராசைப் பிடிப்பவனே களவு செய்கிறான். சூரியன் ஒவ்வொரு செக்கனும் 40 இலட்சம் தொன்னுக்கு மேல் தன்னைத் தேய்த்து ஒளியாக்கிக்கொண்டிருக்கிறது. எட்டு நிமிடத்துக்கு முன் அங்கே தேய்ந்த திணிவே இப்போது நம் தேயிலைத் தளிரிலே படுகிறது.

பெரியோர்களே, இறுதியாக ஒன்று. இதைச் சொல்லாமல் நான் இறங்கினால், "இவையெல்லாம் நம் சாத்திரத்தில் முன்னமே இருக்கின்றனவே" என்று எவரேனும் எழுந்து சொல்வார்கள். சாயணரின் வேத உரையிலே, அரை நிமிஷத்திலே 2,202 யோசனை தூரம் என்று ஒரு வாக்கியம் இருப்பது உண்மை. ஆனால் யோசனைக்கும் நிமிஷத்துக்கும் நூலுக்கு நூல் அளவு வேறு. வேண்டிய அளவைத் தேர்ந்தெடுத்தால் வேண்டிய விடை வரும், அது கணக்காகாது. சிவமும் சத்தியும் ஒன்றே என்பதுதானே இச்சமன்பாடு என்பாரும் உண்டு. மேல்நாட்டார் கண்ட ஒன்றுக்குச் சத்தி என்று பெயர் வைத்தவர்கள் நாம். பெயர் ஒன்றானதால் பொருளும் ஒன்றாகிவிடாது. யூல் கணக்கிலே அளக்கப்படுவது பராசத்தி அன்று. இல்லாததிலிருந்து எதுவும் தோன்றாது, உள்ளது முற்றாக அழியாது என்னும் சற்காரியவாதம் நம் சித்தாந்தத்தின் பெருமைக்குரிய கொள்கை. அது சிந்தனைக்கு வழிகாட்டும். ஆனால் எவ்வளவு என்று கேட்டால், நிறுத்துப் பார்த்தவர்தான் பதில் சொல்ல முடியும்.

நம் முன்னோருக்கு இரவற் பெருமை வேண்டியதில்லை. ஆனந்த குமாரசுவாமியைப் பாருங்கள். கல்லைக் கல்லாக நிறுத்துப் பார்த்தார். நடராச மூர்த்தியை மூர்த்தியாகத் தரிசித்தார். இரண்டும் ஒரே மனிதனால் இயன்றது. 2004ஆம் ஆண்டிலே இந்தியா அன்பளிப்பாகக் கொடுத்த நடராசர் திருவுருவம் இன்று சேர்ண் ஆய்வுகூட வளவிலே நிற்கிறது. புரோத்தன் மோதும் இடத்திலே கூத்தப்பிரான் நிற்பது கண்டு நாம் மகிழலாம். ஆனால் அங்கே வேலை செய்ய நம் பிள்ளைகளிலே எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகம் நம் வாசலிலே இருக்கிறது. ஹந்தானையிலே அடிப்படை ஆய்வுகளுக்கென்றே ஒரு தேசிய நிறுவகம் இருக்கிறது. தோட்டத்து லயத்திலே பிறந்த பிள்ளைக்கும் நகரத்துக் கடைத்தெருப் பிள்ளைக்கும் இக்கேள்விகளைக் கேட்கும் உரிமை ஒன்றே. அந்தப் பிள்ளை கேட்கும்போது, "பரீட்சைக்கு வராது, பேசாமல் படி" என்று நாம் வாயடைக்காதிருந்தால் அதுவே பெரிய தொண்டு.

தம்பி, உமது கேள்விக்கு ஒரு வரியிலே விடை சொல்லி முடிக்கிறேன். அந்தக் கருங்கல் சும்மா கிடக்கவில்லை. அதன் பாரத்தைத் தருபவை அணுக் கருக்களிலுள்ள புரோத்தன்களும் நியூத்திரன்களும். அவற்றுக்குள்ளிருக்கும் குவார்க்குகளின் சொந்தத் திணிவு நூற்றிலே ஒரு பங்களவுதான். மற்றெல்லாம் அவை உள்ளே ஓடியும் ஒன்றையொன்று பிணைத்தும் நிற்கும் சத்தி. நீர் கையிலே தூக்கும் பாரம், அடங்கிக் கிடக்கும் ஓட்டத்தின் பாரம். அந்த ஓட்டத்தின் எல்லையே ஒளியின் வேகம். அதனால்தான் அது கல்லின் கணக்கிலே இருக்கிறது.

நம் இளைஞர்கள் அறிவும் அடக்கமும் ஒருங்கே பெற்று வாழ எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக என்று வேண்டி அமைகிறேன்.